எப்போதிருந்து வலிக்கிறது?

மருத்துவமனையில் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான். எப்போதிருந்து வலிக்கிறது? நாம் சொல்லும் பதிலை இளம் டாக்டர் ஒருவர் நின்றபடியே வேகமாக எழுதிக்கொள்வார். அந்த வரியைத் தயவுசெய்து வாசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது பதில் சொல்லியிருந்தால் இரண்டு முறை வாசியுங்கள். அப்படி எழுதப்பட்ட ஒரே ஒரு வரியால் நான் ராணுவத்தோடு சண்டை போட வேண்டியிருந்தது. அதைவிடக் கடினமாக, என் அம்மாவோடு சண்டை போட வேண்டியிருந்தது.

இப்போது வலது இடுப்பில் புது மூட்டோடு வீட்டில் கட்டிலில் சாய்ந்திருக்கிறேன். காலையும் மாலையும் பிசியோதெரபி. மற்ற நேரம் சும்மா இருக்க எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சிப்பாயாக இருந்தவள். ராணுவக் காவல் பிரிவில் பெண்களை எடுக்க ஆரம்பித்த தொடக்க வருடங்களில் சேர்ந்தேன். முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் வரிசையில் நின்றால் இன்றைக்கும் யாராவது ஒருவர் அன்பாகக் கேட்பார்: “ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா? அவரு கையெழுத்து வேணுமுங்க.” நான் ஊன்றுகோலைத் தரையில் அழுத்தி வைத்து, “படைவீரர் நான்தானுங்க” என்பேன். கேட்டவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார்.

எங்கள் வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில். அப்பா லாரிக்குத் தேங்காய் லோடு ஏற்றுகிறவர். அம்மா நார் மில்லில் வேலை செய்தவள். தேங்காய் மட்டையை ஊற வைத்து, மிஷினில் போட்டு அடித்து, நாரைப் பிரித்து வெயிலில் காய வைக்கும் வேலை. இருவருக்கும் கையெழுத்து என்றால் கட்டைவிரல். எங்கள் வகையறாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் ஆள் நான். ஆள் சேர்ப்பு மைதானத்தில் என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஹவில்தார், இந்தப் பெண் எங்கே ஓடிப் பழகினாள் என்று கேட்டார். மில் வண்டிக்குப் பின்னால் என்று சொன்னேன். பள்ளிக்கூடம் போகும் பஸ் தவறினால் அம்மாவை வேலைக்கு ஏற்றிப் போகும் மில் வண்டியைத் துரத்திப் பிடித்து ஏறுவேன். அதுதான் என் பயிற்சி.

வலி வந்தது வடக்கே, பணியிடத்தில். சுமையோடு ஓட்டம், பிறகு கேட்டில் மணிக்கணக்கில் நிற்பது, மறுபடி ஓட்டம். வலது தொடை மடிப்பில், இடுப்போடு கால் சேரும் இடத்தில், முதலில் ஒரு குத்தல். ஓடும்போது மட்டும் இருந்தது, பிறகு நடக்கும்போதும் வந்தது. முறைப்படி சிக் ரிப்போர்ட் செய்தேன். அதாவது, உடம்பு சரியில்லை என்று பதிவு செய்து டாக்டரைப் பார்ப்பது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வலி மாத்திரையும் சில நாள் ஓய்வும் கொடுத்தார்கள். அந்த ஓய்வு முடிந்து வருடாந்திர விடுமுறையில் ஊருக்கு வந்தேன். கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வலது கால் தரையில் பட்டது. உள்ளே விறகு ஒடிவது மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவில் என்னைச் சக்கரப் படுக்கையில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்ததை டாக்டர் பிறகு படம் வரைந்து விளக்கினார். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதையும் எலும்பின் தண்டையும் சேர்ப்பது ஒரு ஒடுக்கமான கழுத்து. ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் விரிசல் விடும் அல்லவா, அதுபோல அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பச் சுமை ஏறினால் அந்தக் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேக்குப் பிடிபடாது. கவனிக்காமல் நடந்தால் ஒரு நாள் முழுதாக முறியும். எனக்கு முறிந்திருந்தது. உடனே மயக்கம் கொடுத்து மூன்று திருகாணிகளை இறக்கி எலும்பைப் பிடித்து நிறுத்தினார்கள்.

நான் ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில், வெளியே நின்ற அம்மாவிடம் யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

அந்த நாட்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அம்மா மூடி போட்ட தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்து, வார்டில் நெய் வாசம் வந்துவிடக் கூடாதென்று போர்வையை மறைவாகப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள். பக்கத்துக் கட்டில்காரம்மா மோப்பம் பிடித்துவிட்டார். “ஒரு வாய்தான் கொடுங்களே, அந்தப் புள்ள கால்ல ஆணி அடிச்சிருக்குது, வயித்துல இல்லையே” என்றார். அடுத்த நாளிலிருந்து தூக்குப்போசி ஒரு அளவு பெரிதானது. பில் கட்டும் ஜன்னலுக்கு அப்பா போய்வரும் போதெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அதெல்லாம் முடிஞ்சுது கண்ணு” என்பார். எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் டி.வி.எஸ். வண்டி மருத்துவமனைக்கு வெளியே நிற்காததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பிறகு ராணுவ மருத்துவமனை, மாதக்கணக்கில் ஓய்வு, மறுபடி பரிசோதனை. கடைசியில் மருத்துவக் குழு கூடி, இனி படைப்பணிக்கு ஏற்ற உடம்பு இல்லை என்று என்னை வெளியே அனுப்பியது. அதை நான் தாங்கிக்கொண்டேன். ஓட முடியாதவளை ஓட்டத்துக்கு வைத்திருக்க முடியாது. தாங்க முடியாதது அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டால் குழு இரண்டு கேள்விக்குப் பதில் எழுதும். குறைபாடு பணியால் வந்ததா? இல்லையென்றால், பணியால் மோசமானதா? எனக்கு இரண்டுக்கும் இல்லை என்று வந்தது. காரணம்: சிறுவயது முதலே எலும்புப் பலவீனம்.

சிறுவயதில் எனக்கு ஒரு முறிவும் கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களில்தான் எங்கள் வீட்டில் இன்னும் தண்ணீர் குடிக்கிறார்கள்.

இந்த மாதிரி மறுப்பு வந்தால் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பெரிய இடம், நாம் என்ன செய்ய முடியும் என்று நினைக்கிறார்கள். நான் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அவர்கள் அனுப்பியது கிரேஸ் என்ற வக்கீலிடம். பீளமேட்டில், கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். படி ஏற என்னால் முடியாது என்று தெரிந்ததும் ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே ஒரு நாற்காலி போட்டு என்னோடு பேசினார். ராணுவத்தில் சுபேதாராக இருந்த ஒருவரின் மகள். தேவையில்லாமல் ஆறுதல் சொல்ல மாட்டார். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

என் வழக்குக்குப் பொருந்தும் விதியை அவர் எளிமையாகச் சொன்னார். சேர்க்கும்போது உடம்பில் குறை இல்லை என்று அவர்களே பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். பிறகு வருகிற குறை பணியால் வந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிறவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். சிக் ரிப்போர்ட் செய்திருப்பதால், விடுமுறையில்தானே முறிந்தது என்ற வாதமும் நிற்காது. ஆக ஜெயிக்க வேண்டிய வழக்குதான் என்றார். அதன் பிறகு கோவை மருத்துவமனையின் நோய்க்குறிப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார். சிறுவயதிலிருந்தே எலும்பில் சத்து இல்லாத பெண், அடிக்கடி கால் வலி வரும். தகவல் சொன்னவர் தாயார்.

“அவங்க காட்டற காரணம் இதுதான்” என்றார் கிரேஸ். “உன்னோட எதிர்க்கட்சி டில்லியில இல்ல அம்மணி. வெளிய பெஞ்சுல உட்கார்ந்து முறுக்குத் தின்னுட்டு இருக்குது.”

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா எனக்கும் ஒரு முறுக்கை எடுத்துக் காட்டி, வேண்டுமா என்று சைகையில் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அம்மா அப்படி ஒன்றுமே சொல்லவில்லை என்றாள். அடுத்த நாள், சொல்லியிருக்கலாம், நினைவில்லை என்றாள். அதற்கடுத்த நாள் நான் கேட்க வாயைத் திறந்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். எங்கள் மாட்டை விற்று வருடமாகிறது.

இதற்கு நடுவில் இடுப்பு வலி திரும்பி வந்தது. இம்முறை படுத்திருந்தாலும் வலித்தது. மறுபடியும் அதே மருத்துவமனை, அதே நீல நாற்காலிகள், டோக்கன் எண்ணைக் கூப்பிடும் அதே தட்டையான குரல். அந்தக் குரலுக்குப் பயந்து யாரும் கழிவறைக்குக்கூட எழுந்து போவதில்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தார்கள். எலும்பில் சத்து குறைந்திருக்கிறதா என்று அளக்கிற, வலியில்லாத ஒரு ஸ்கேன் அது. என் எலும்பு நன்றாக இருந்தது. எனக்கு அங்கேயே எழுந்து நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் கிரேஸ் போனில் சொன்னார், இது இன்றைக்கு எலும்பு நன்றாக இருக்கிறது என்று காட்டும். அன்றைக்குப் பெற்ற தாய் சொன்ன வார்த்தையை அழிக்காது. சொன்னவர்தான் அதை மாற்றிச் சொல்ல வேண்டும்.

வலிக்குக் காரணம் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். பெரிய காந்தத்துக்குள் படுக்க வைத்து உள்ளுறுப்பைப் படமெடுப்பது; அதனால் உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது. எலும்பில் இருந்த திருகாணிகள் டைட்டேனியம், அவற்றால் பிரச்சினை இல்லை என்றார்கள். வெளியே காத்திருந்தபோது தோடு, கொலுசு, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி அம்மா கையில் போட்டேன். அம்மாவின் வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். அருவாமணையில் பட்டது என்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். மோதிரம் அந்தக் குட்டை விரலின் இடைவெளி வழியாக நழுவிக் கீழே உருண்டது. குனிந்து எடுத்த அம்மா, நிமிராமலே பேசினாள்.

“நம்ம மில்லுல அடிபட்டா ஆஸ்பத்திரியில என்ன சொல்லோணும்னு தெரியுமா கண்ணு?”

தெரியாது என்றேன்.

“ஊட்டுல அடிபட்டதுன்னு சொல்லோணும். மில்லுன்னு சொன்னா கேஸாயிரும், மொதலாளி மொகம் மாறிப்போகும். ஊட்டுலன்னு சொன்னா அவரே வண்டி வெச்சு அனுப்புவாரு, வைத்தியமும் பாப்பாரு, வேலையும் இருக்கும். எனக்கு இருந்துச்சல்ல?” குட்டை விரலைப் பார்த்துக்கொண்டாள். “இது அருவாமணை இல்ல. மிஷினு.”

“அது மில்லும்மா. இது ராணுவம்.”

“எனக்கு ரெண்டு பேரும் வேலை கொடுக்கறவங்கதான். மில்லுக்காரரு கேட்டுல நாய் கட்டியிருக்காரு. உங்காளுக கேட்டுல துப்பாக்கி வெச்சிருக்காங்க. நான் யாருக்குப் பயப்படறது? வேலை பாத்த எடத்துல ஒடிஞ்சுதுன்னு சொன்னா உன்னைய அனுப்பிப்போடுவாங்கன்னு, வளத்த என் மேலயே பழியப் போட்டுச் சொல்லிப்போட்டேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபம்தான் ஓடியது. யார் மேல் என்று தெரியாத கோபம். முதலில் அம்மா மேல், பிறகு விரலை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்த அந்த மில் மேல், அப்புறம் அந்த வாயில் ஒரு சொல்லைப் பழக்கி வைத்த எல்லார் மேலும். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். குழாய்க்குள் படுத்து, அந்தத் தடதட சத்தத்தைக் கேட்டபடி, அம்மா மில்லில் மிஷின் பக்கம் நிற்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில், எலும்பின் பந்துப் பகுதி உயிரிழந்துகொண்டிருப்பது தெரிந்தது. கழுத்து முறிந்தபோது அதற்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்கள் அறுந்திருக்கின்றன. ரத்தம் போகாத எலும்பு மெல்ல மெல்ல நொறுங்கும். பந்தையும் குழியையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும், சில மாதம் தள்ளிப்போடலாம், வருடக்கணக்கில் தள்ள முடியாது என்றார் டாக்டர். ஓய்வூதியம் ஏற்கப்பட்டால் முன்னாள் படைவீரருக்கான மருத்துவ அட்டை கிடைக்கும், அறுவை சிகிச்சை அதில் நடக்கும். இல்லையென்றால் அப்பா இன்னொரு முறை துண்டை உதறித் தோளில் போட வேண்டும். ஊரில் சிலர் வசூல் செய்து தருவதாகச் சொன்னார்கள். நல்ல மனதுதான். வேண்டாம் என்றேன். எனக்குச் சேர வேண்டியது எனக்கு வரட்டும், இரக்கத்தில் வருவது வேண்டாம். அந்தப் பிடிவாதம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது.

கிரேஸ் படையினருக்கான தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். புதிய மருத்துவக் குழு என்னைப் பார்த்து மறுபடி முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு அம்மாவின் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அங்கேதான் அடுத்த முடிச்சு. அன்று சொன்னது பொய் என்று மட்டும் எழுதினால் நம்ப மாட்டார்கள், மகளுக்காக இன்று மாற்றுகிறாள் என்பார்கள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் எழுத வேண்டும் என்றார் கிரேஸ். அப்படியானால் மில்லைப் பற்றி எழுத வேண்டும். அம்மா இன்னும் அதே மில்லில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள்.

நான் அம்மாவை வற்புறுத்தவில்லை என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. வற்புறுத்தினேன். “நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்னு ஜெயில்ல போட மாட்டாங்களா?” என்று அம்மா கேட்டாள். உண்மையைச் சொல்லப் போகிறவளை யாரும் போட மாட்டார்கள் என்றேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், “ஜெயில்ல போட்டாத்தான் என்ன? அங்கயும் இவ அரிசிம்பருப்பு ஆக்கிப் போட்டு எல்லாத்தையும் கைக்குள்ள போட்டுக்குவா.” அம்மா சிரித்துவிட்டாள்.

மறுநாள் மில்லுக்குப் போனவள், முதலாளியிடம் நேராகவே போய்ச் சொல்லியிருக்கிறாள்: புள்ளைக்காக ஒரு எடத்துல பேசப் போறனுங்க, அதுல நம்ம மில்லுப் பேச்சும் வருமுங்க, ஒளிச்சுச் செய்ய மனசில்லீங்க. முதலாளி சரி என்று தலையை மட்டும் ஆட்டினாராம். நீ போ என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து, ஆட்களை ஏற்றிப் போகும் மில் வண்டி எங்கள் தெருவில் நிற்காமல் போனது. அம்மா டிபன் பாக்ஸோடு ரோட்டோரம் நின்றாள். வண்டிக்குள் இருந்த பெண்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. நான் துரத்திப் பிடித்த அதே வண்டி. என் காலால் அன்று ஓட முடிந்திருந்தால் அதை நிறுத்தியிருப்பேன்.

அம்மா உள்ளே வந்து டிபன் பாக்ஸைத் திறந்து, அதில் இருந்ததை எனக்கும் அப்பாவுக்கும் பிரித்து வைத்தாள். “வக்கீலம்மாகிட்ட எப்ப வரோணும்னு கேளு” என்றாள். அவ்வளவுதான்.

மருத்துவக் குழு சென்னையில். இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு நான் உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் சீருடையில் மூன்று டாக்டர்கள். உட்காரச் சொன்னார்கள். நான் முதலில் நிமிர்ந்து நின்று என் ராணுவ எண்ணையும் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். காலை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்தார்கள். எப்போதிருந்து வலிக்கிறது என்று தலைமை டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் கோவை நோய்க்குறிப்பை எடுத்து, இதில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார். என் தாயார் வெளியே இருக்கிறார், பத்திரத்தில் இருப்பதை அவர் வாயாலேயே கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை என்றார்கள். அவர் சொன்ன ஒரு வரியை அன்று கேட்டு எழுதி எனக்கு எதிராக வைத்திருக்கிறீர்கள், இன்றும் கேளுங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை. இறக்கவும் இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் அதிகாரி ஒருவர், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், மொழிபெயர்க்க நின்றார். அம்மா செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள். அன்று சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா என்று தலைமை டாக்டர் கேட்டார்.

அம்மா வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அன்னைக்குப் பயந்துட்டுச் சொன்னனுங்க” என்றாள். “இன்னிக்கும் பயமாத்தானுங்க இருக்குது. இன்னிக்குச் சொல்றது நிசமுங்க.” வலது கையைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தாள். “வேலை பாத்த எடத்தச் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குப் பழக்கமுங்க. அந்தப் பழக்கத்துல சொல்லிப்போட்டேன். என்ற புள்ளைய நல்ல காலோடதானுங்க உங்ககிட்ட அனுப்பினேன்.”

நர்ஸ் அதிகாரி அதை ஆங்கிலத்தில் சொன்னார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். தலைமை டாக்டர் எழுதிக்கொண்டார். எங்களைப் போகச் சொன்னார்கள். அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, “அந்தப் பெரிய டாக்டரு சாப்பிட்டிருக்க மாட்டாரு போல, மொகம் வாடிக்கெடக்குது” என்றாள்.

முடிவு வர நாளானது. வந்தபோது கிரேஸ் போனில் வாசித்துக் காட்டினார்: பணியால் ஏற்பட்டது. இன்னொரு முறை வாசியுங்கள் என்றேன். வாசித்தார். ஓய்வூதியம், அட்டை எல்லாம் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு அலைச்சலோடு. அவையெல்லாம் எனக்குத் தேவைதான். ஆனால் நான் பொத்தி வைத்திருப்பது அந்த இரண்டு வார்த்தைகளை.

அறுவை சிகிச்சை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். வலி தெரியாது. தச்சுப் பட்டறைச் சத்தம் கேட்கும், உங்கள் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று நம்ப முடியாது. அடுத்த நாளே எழுந்து நிற்கச் சொல்வார்கள். முடியாது என்று தோன்றும். முடியும். புது மூட்டு நழுவாமல் இருக்க, தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது, தரையில் சம்மணம் போடக் கூடாது. நான் வீடு திரும்புவதற்குள் அப்பா ஒரு கொத்தனாரைப் பிடித்து மேல்நாட்டுக் கழிப்பறை வைத்துவிட்டார். கட்டில் கால்களுக்கு ஹாலோபிளாக் கல் கொடுத்து உயர்த்தியிருந்தார். எங்கள் தெருப் பெண்கள் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக் கழிப்பறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். “மிலிட்டரிக்காரி வந்ததும் ஊடே மிலிட்டரி கேம்ப் ஆயிப்போச்சுங்க” என்று அப்பா பெருமையாக அலுத்துக்கொண்டார்.

அறுவைக்கு முந்தைய நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அதே மருத்துவமனையில், இம்முறை அட்டையைக் காட்டிச் சேர்ந்தேன். கட்டிலுக்கு வந்தவர் புது டாக்டர், என்னைவிட இளையவராகக்கூட இருக்கலாம். பெயர், வயது, ஊர் கேட்டார். பிறகு, எப்போதிருந்து வலிக்கிறது என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“எழுதிக்குங்க” என்றாள். “மிலிட்டரி டூட்டியில வந்ததுங்க. சேரும்போது கால் நல்லா இருந்துச்சுங்க. எழுதிட்டீங்களா?”

எழுதிவிட்டேன் அம்மா என்றார் டாக்டர். அவர் கண் அம்மாவின் கையில் நின்றது. விரலுக்கு என்ன ஆனது என்று சாதாரணமாகக் கேட்டார்.

“நார் மில்லுலங்க. மிஷின்ல போச்சு.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை மூடினார். அம்மா நகரவில்லை.

“அதையும் எழுதுங்க” என்றாள்.

“நீங்க பேஷண்ட் இல்லீங்களே அம்மா.”

“பரவால்லீங்க. எங்கயாச்சும் ஒரு ஓரத்துல எழுதுங்க” என்றாள் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைத் திறந்தார்.